தவிலில் ஓடிய டர்பைன்

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டு பிறந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. நீராவி டர்பைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் பௌதிகப் புத்தகத்தின் கடைசியில் இருந்த ஒரே ஒரு பக்கம். அதிலும் பாதி படம். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் திருநெல்வேலியிலேயே டர்பைன் தெரிந்த ஆள் ஆகிவிட்டேன்.

பேட்டைக்குப் போகிற வழியில், கால்வாயை ஒட்டி ஒரு நெல் அரவை மில் இருந்தது. அதன் முதலாளி பெரிய நிலக்காரர். சைவப் பிள்ளை. ஐம்பது வயது, கனத்த சரீரம், நெற்றி நிறைய விபூதி. புதிதாக எது வந்தாலும் அது முதலில் தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். மில்லை ஓட்டியது ஒரு பழைய நீராவி எஞ்சின். அதன் சக்கரம் இரண்டாள் உயரம். அது ஓடும்போது தொம், தொம் என்று தரை அதிரும். கால் மைல் தூரத்து வீடுகளில் சுவரில் மாட்டிய படங்கள் பையப் பையக் கோணலாகிவிடும். சனங்கள் தினமும் காலையில் எழுந்ததும் படங்களை நேராக்கிவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்கள். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

அந்த முதலாளிக்குச் சென்னையிலிருந்து இங்கிலீஷில் ஒரு டர்பைன் விலைப்பட்டியல் வந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிஸ்டன் கிடையாது, முன்னும் பின்னும் போய்வரும் தண்டு கிடையாது, ஒரே ஒரு சக்கரம், அதன்மேல் நீராவி பீச்சியடிக்கும், சக்கரம் சுற்றும் என்று வாசித்துச் சொன்னேன். பழைய எஞ்சினுக்கு இருக்கிற பலம் இதற்கு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்று எழுதியிருக்கிறது என்றேன். 'எழுதியிருக்கிறது' என்ற வார்த்தை அவர் காதில் விழவில்லை. இருக்கும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார் என்று மறுநாள் பேட்டை முழுக்கப் பேச்சு.

ஐந்தாறு மாதம் கழித்து, அவர் எழுதி வரவழைத்த மிஷின் ரயிலில் வந்து இறங்கியது. அதற்குள் முதலாளி அதற்கென்று ஓர் அறை கட்டி முடித்திருந்தார். கல்யாண மண்டபத்தின் உயரம். ஸ்டேஷனுக்கு ஆறு மாட்டுவண்டிகள் அனுப்பியிருந்தார். மிஷின் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் கால் நீட்டி உட்காரவும் இடம் இருந்தது. மற்ற ஐந்து வண்டிகளும் வெறுமனே அதன் பின்னால் வரிசையாக வந்தன. வாசலில் தேங்காயும் சூடமுமாக நின்ற முதலாளி அந்த ஐந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

பெட்டியைப் பிரித்தோம். உள்ளே ஆட்டுரல் அளவில் வட்டமான ஓர் இரும்புக் கூடு இருந்தது. அதோடு சேர்ந்தாற்போல ஒரு பல்சக்கரப் பெட்டி. அது கூட்டைவிடப் பெரிது.

"இது மாதிரிக்கு அனுப்பினதா வே?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். "அசல் எப்ப வரும்?"

இதுதான் அசல் என்றேன். அவர் நம்பவில்லை. மிச்சத்தையும் உடனே அனுப்பி வைக்கும்படி என்னையே சென்னைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். மிச்சம் எதுவும் இல்லை, மிஷினைப் பூட்டித் தர ஆள் வருவான் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் நான்தான் படித்துச் சொன்னேன். வாத்தியார் ஏதோ மறைக்கிறார் என்று அவர் முகம் சொன்னது.

அவரைவிட அதிகம் மனசு உடைந்தவர் எஞ்சின் டிரைவர். பழைய எஞ்சினோடு இருபது வருஷம் இருந்தவர். அந்தக் கூட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்து, நீராவி ஒரு பொருளைத் தள்ள வேண்டுமானால் அடைத்து வைத்துத்தான் தள்ள முடியும், திறந்து விட்ட நீராவி இட்லிப் பானை ஆவி மாதிரிப் போய்விடும், அதில் என்ன பலம் இருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இதற்கு விடை இருந்தது. ஆனால் அது எனக்கே புரிந்திருக்கவில்லை என்பது அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

புரிய வைத்தது என் மனைவி. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செம்பிலிருந்து வேகமாகத் தண்ணீரை வீசி, ஒரு சிரட்டை அகப்பையைக் கழுவினாள். அகப்பையின் முதுகில் வீசினால் தண்ணீர் பக்கவாட்டில் சிதறியது. குழியில் வீசியபோது அப்படியே வளைந்து திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழியில் அடிக்கும்போது அகப்பை கையைவிட்டுப் போகப் பார்க்கிறது என்றாள்.

"போன தண்ணிய திருப்பி அனுப்பணும்லா. அதுக்குக் கூடுதலாத்தான பலம் வேணும். அதான் கை அந்த வாங்கு வாங்குது."

நான் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். படத்தில் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வரிசையாக இருந்தவை எல்லாம் அகப்பைகள்தான். நீராவியின் அழுத்தம் சக்கரத்துக்கு வருவதற்கு முன்பே, அது வருகிற குழலுக்குள்ளேயே முழுவதும் வேகமாக மாறிவிடுகிறது. அடைத்து வைத்த பலம் ஓட்டமாக ஆகிவிடுகிறது. அந்த ஓட்டத்தை, விளிம்பில் அகப்பை போல இருக்கும் இந்த அலகுகள் வளைத்துத் திருப்பிவிடுகின்றன. திருப்பும்போது கிடைக்கிற தள்ளலில்தான் சக்கரம் சுற்றுகிறது. அவள் அடுத்த சட்டியை எடுத்துக்கொண்டாள். நான் பாடம் நடத்த ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மில்லில் இதையே பெரிதாகச் செய்து காட்டினேன். தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஒரு கைப்பம்பு இருந்தது. மூட்டை ஏற்றும் சின்னத் தள்ளுவண்டியில் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்துக் கட்டினோம். இரண்டு பேர் பம்பை அடித்தார்கள். பீச்சுகுழாயை யார் பிடிப்பது என்ற பேச்சே வரவில்லை. முதலாளி சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். தண்ணீர் பலகையில் அடித்து நாலாபக்கமும் சிதறியது. வண்டி கொஞ்சம் உருண்டது. பிறகு பலகையை எடுத்துவிட்டுக் குழிந்த பெரிய இரும்புச் சட்டி ஒன்றைக் கட்டினோம். இந்தத் தடவை வண்டி நன்றாக விலகி ஓடியது. ஆனால் தண்ணீர் மொத்தமும் திரும்பி வந்து முதலாளியின் மேல் விழுந்தது. விபூதி கரைந்து மீசையில் இறங்கியது. களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. இத்தனை தண்ணீர் திரும்பி வருகிறதென்றால் அதில் இன்னும் பலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்தானே, அது வீண்தானே என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதற்குத்தான் சக்கரம் ஓட வேண்டும் என்றேன். சட்டி, தண்ணீரின் வேகத்தில் பாதி வேகத்தில் விலகி ஓடினால், தண்ணீர் தன்னிடம் இருப்பது அத்தனையையும் கொடுத்துவிட்டு அதே இடத்தில் பொத்தென்று விழுந்துவிடும்.

அதைப் பார்க்காமல் விட மாட்டேன் என்றார். வண்டியை இரண்டு மூட்டைக்காரர்கள் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், அவர் பின்னாலிருந்து பீச்ச வேண்டும் என்று ஏற்பாடு. முதல் தடவை ஆட்கள் மெதுவாக ஓடினார்கள்; முதலாளி நனைந்தார். இரண்டாவது தடவை பயந்துபோய்த் தலைதெறிக்க ஓடினார்கள். தண்ணீர் சட்டியை எட்டவே இல்லை. டிரைவர் அவர்கள் பக்கத்தில் நின்று, ஓட்டத்தின் வேகத்தைக் கைதட்டிக் கொடுத்தார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அது நடந்தது. சட்டியில் பட்ட தண்ணீர் திரும்பியும் வரவில்லை, சிதறவும் இல்லை. பானையின் விளிம்பு வழிகிற மாதிரி நேராகக் கீழே வடிந்தது. முதலாளி மேல் ஒரு சொட்டு விழவில்லை.

"செத்துப் போச்சே வே," என்றார் மெதுவாக.

நிஜ டர்பைனில் நீராவி நேர் எதிரே திரும்பி வராமல், கொஞ்சம் சாய்வாக வந்து மறுபக்கம் வெளியேறும் என்றும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் இன்னொரு தடவை ஓடிப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

சென்னையிலிருந்து மெக்கானிக் வந்து நாலு நாளில் மிஷினைப் பூட்டினார். நீராவியின் ஓட்டம் துப்பாக்கிக் குண்டைவிட வேகம் என்பதால் சக்கரமும் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த வேகத்தை நேராக மில்லுக்குக் கொடுத்தால் அதை இழுக்கும் தோல் வார்ப்பட்டை பிய்ந்துவிடும். அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பதற்குத்தான் அந்தப் பெரிய பல்சக்கரப் பெட்டி. சக்கரத்தின் அச்சு விரல் தடிமன்தான் இருந்தது. முறிந்துவிடாதா என்று கேட்டேன். கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும் என்றே மெல்லிசாகச் செய்கிறார்கள், வேகம் பிடித்ததும் சக்கரம் தன் மையத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார். மறுநாள் ரயிலில் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் டிரைவர் நீராவியைத் திறந்தார். ஊ என்று ஒரு மெல்லிய சத்தம், ஒரு கொசு பக்கத்து அறையில் இருப்பது போல. அவ்வளவுதான். பட்டை ஓடியது, அரவை நடந்தது, தவிடு கொட்டியது. டிரைவர் கூட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார். தரையில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நீராவியை மூடித் திரும்பத் திறந்தார்.

வெளியே மூட்டைக்காரர்கள் களத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள். மில் ஓட ஆரம்பித்ததும் வருகிறோம் என்றார்கள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று மேஸ்திரி உள்ளே கூட்டிவந்து பட்டையைக் காட்டினார். பார்த்தார்கள், சரி என்று மூட்டையைத் தூக்கினார்கள், நாலு நடை நடந்துவிட்டு மறுபடியும் நின்றார்கள். பதினைந்து இருபது வருஷமாக ஒவ்வொரு தொம்முக்கும் ஓர் அடி எடுத்து வைத்துப் பழகிய கால்கள். அந்தச் சத்தம் இல்லாமல் அடுத்த அடியை எப்போது வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெண்கள் முறம் பிடித்த கையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் அக்கம்பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர், மில்லில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. பாதி நெல்கூட அரைபடவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஷினுல குத்தம் இல்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா எனக்கே மில்லு ஓடுதுன்னு மனசு ஒப்ப மாட்டேங்கு. அதுக்கு ஒரு சத்தம் பண்ணி வச்சிருதேன்."

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, டர்பைன் அறையில் பல்சக்கரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து, ஒரு கோயில் தவில்காரர் உட்கார்ந்து தொம், தொம் என்று அடித்துக்கொண்டிருந்தார். பழைய எஞ்சினின் அதே நடை. அந்த உயரமான அறை அதை வாங்கிக் களம் முழுக்கப் பரப்பியது. மூட்டைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முறங்கள் ஒன்றாக ஏறி இறங்கின. டிரைவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அதைக் கேலி செய்யவில்லை. மில் ஓடியதே, அது பெரிய விஷயம். கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாள் முழுக்க ஒரே தட்டைத் தட்டுவது அந்தத் தவில்காரருக்குக் கைவரவில்லை. நல்ல வித்வான். இரண்டாவது வாரம் தொம்முக்கு நடுவில் சின்னச் சின்னத் தவில் சொற்களைச் சேர்த்தார். மூன்றாவது வாரம் ஏழு தட்டு கொண்ட மிஸ்ர நடைக்குப் போய்விட்டார். ஏழுக்கு ஏழாக மூட்டைக்காரர்கள் நடந்தார்கள். நடந்தால் வாசற்படியில் தப்பான கால் வந்தது. இரண்டு பேர் நெல்லோடு விழுந்தார்கள். ஒரு நாள் அவர் தனி ஆவர்த்தனமே வாசித்துவிட்டார். களத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். முதலாளியும் தாளம் போட்டுவிட்டு, முடிந்த பிறகு கண்டித்தார்.

ஆனி மாதம், மலையில் மழை பெய்து ஆற்றில் செந்நிறமாகப் புதுவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, வெள்ளைக்காரரான பாய்லர் இன்ஸ்பெக்டர் துரை வந்தார். மொழிபெயர்க்க என்னை வரச்சொல்லியிருந்தார்கள். துரை பாய்லரைப் பார்த்தார், அழுத்தமானியைப் பார்த்தார், டர்பைன் அறைக்கு வந்தார், தவில்காரரைப் பார்த்தார். பிறகு, அந்த மனிதர் இங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று என்னைக் கேட்டார். நான் முதலாளியைக் கேட்டேன்.

"அவருதான் மிஷினுக்குச் சத்தம்னு சொல்லும்," என்றார் முதலாளி.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை சிரிக்கவில்லை. கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதப்போய், எழுதாமல் நிறுத்தினார். மிஷினின் சத்தத்தைத் தான் கேட்க வேண்டும், அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்றார். தவில்காரர் நிறுத்தினார். உடனே களத்தில் இருந்த அறுபது பேரும் மூட்டைகளையும் முறங்களையும் கீழே வைத்துவிட்டு, தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

அந்த அமைதியில் டிரைவர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். தலையைச் சாய்த்தார். துரைக்கும் முதலாளிக்கும் நடுவில் புகுந்து, கூட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இது முன்ன மாதிரி இல்ல," என்றார் என்னிடம். "மொதல் நாளு கொசு கணக்கா இருந்துச்சு. இப்ப நெருடுது. உள்ள என்னமோ தேயுது, சார்வாள்."

அனுமதி கேட்காமலே நீராவியை மூடினார். சக்கரம் ஓய்ந்து நிற்கவே வெகுநேரம் ஆயிற்று. துரையே கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கூட்டைத் திறக்க உதவினார். அப்போதுதான் அந்தச் சக்கரத்தை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன அலகுகள். அவற்றின் முனைகள் எலி கொறித்த மாதிரி அரித்துப்போயிருந்தன.

காரணத்தைத் துரை சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கால்வாயில் வந்த கலங்கல் தண்ணீர் பாய்லருக்குள் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு நீர்த்துளிகளும் கலந்து வந்திருக்கின்றன. துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் வருகிற துளி துளியாக இருக்காது, கல்லாக இருக்கும். சத்தம் மாறியிருக்கும், ஆனால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஓர் அலகு பிய்ந்து, அந்த வேகத்தில் கூட்டைப் பிளந்துகொண்டு வந்திருக்கும். அதற்கு நேராகத்தான் ஜமக்காளம் விரித்திருந்தது. தவில்காரர் எழுந்து, தவிலை எடுத்துக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றார்.

யாராவது தன்மேல் பழி போடுவார்கள் என்று டிரைவர் காத்திருந்த மாதிரித் தெரிந்தது. முதலாளி ஒரு நெல் மூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

"டிரைவரு மேல குத்தம் ஒண்ணும் இல்ல. சத்தம் வேணும்னு கேட்டது நாந்தான்," என்றார். இதையும் துரையிடம் சொல்லும் என்றார். சொன்னேன். துரை தலையை ஆட்டிவிட்டு, தண்ணீரைத் தெளியவைத்து விடுவதற்கு ஒரு தொட்டி கட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

புதுச் சக்கரம் வருகிறவரை பழைய எஞ்சின் ஓடியது. சனங்கள் மறுபடியும் படங்களை நேராக்கினார்கள். தொட்டி கட்டி முடிந்தது. டர்பைன் திரும்பவும் ஓடியபோது தவில் இல்லை. மூட்டைக்காரர்கள் தங்களுக்குள் ஒருவர் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடி நடக்கப் பழகிக்கொண்டார்கள். தவில்காரர் கோயிலுக்கே திரும்பிவிட்டார். அறுபது பேர் ஒரு அடிகூடத் தப்பாமல் தன் வாசிப்பைக் கேட்ட இடம் அந்த மில் ஒன்றுதான் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு டிரைவர் அண்ணாச்சியும் நானும் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். ஒரு சனிக்கிழமை அவர் நீராவி பீச்சும் குழலைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னிடம் காட்டினார். உள்ளே வழி முதலில் ஒடுங்குகிறது, பிறகு பைய விரிகிறது. ஒடுங்கினால் வேகம் கூடும், அது தண்ணீர்க் குழாயிலும் உண்டு. அதற்கப்புறம் ஏன் விரிய வேண்டும், விரிந்தால் வேகம் குறையத்தானே வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அந்த மில்லில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி அம்புட்டேதான் இருக்கும். இது ஆவில்லா," என்றார் பிறகு. "அழுத்தம் விட்டா வீங்கும். வீங்க இடம் குடுத்தா, வீங்குத வேகத்துல முன்னால பாயும். இடம் குடுக்கலேன்னா அங்கனயே முட்டிக்கிட்டு நிக்கும்."

நான் சென்னைக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். பதிலாகப் புதிய விலைப்பட்டியல் ஒன்று வந்தது. வேறொரு புத்தகம் கைக்குக் கிடைத்து, அவர் சொன்னதுதான் சரி என்று நான் தெரிந்துகொள்ள மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அதைச் சொல்வதற்காகவே ஒரு நாள் பேட்டைக்குப் போனேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். சரி என்று தெரிந்துதானே அன்றைக்குச் சொன்னேன் என்றார்.